தெற்கே நின்ற புளியமரம்

அக்கா மகன் பெங்களூருவில் பத்து வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, போதும் என்று ஊருக்கு வந்துவிட்டான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகும் வழியில், மலையடிவாரத்தில், அவன் தாத்தா வைத்த இரண்டு ஏக்கர் தோப்பு இருக்கிறது. பழைய மாமரங்கள், கொஞ்சம் தென்னை, கிணற்று மேட்டில் ஓர் இலுப்பை. தெற்கு எல்லையில் மேற்கிலிருந்து கிழக்காக வரிசையாய் மூன்று புளி. ஒரு நாள் காலையில் பெரிய சார்ட் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு ராஜபாளையத்தில் என் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, தோட்டத்துக்கு டிசைன் போட்டாச்சு. ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க."

அழகாகத்தான் வரைந்திருந்தான். காய்கறிக்கு முழங்கால் உயர மேட்டுப் பாத்திகள். மூலிகைக்குச் சுருள் வடிவத்தில் ஒரு கல்மேடை. நத்தையைத் தின்ன வாத்து, வாத்துக்கு ஒரு குட்டை. தெற்கு எல்லைப் புளி மூன்றின் மேலும் சிவப்பு மையில் பெருக்கல் குறி.

"புளிக்கு ஏன் மாப்ள குறி போட்டிருக்க?"

"தெற்க மறைக்குது மாமா. தோட்டத்துக்கு வெளிச்சம் வேணும்ல."

ராஜபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் வெயில் பத்தவில்லை என்று சொன்னால் சிரிப்பு வரத்தானே செய்யும். சிரித்துவிட்டேன். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. எந்தப் புத்தகத்தைப் பார்த்துப் போட்டாய் என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். குளிரும் ஈரமுமான நாட்டில் பெர்மாகல்ச்சர் தோட்டம் அமைப்பது எப்படி என்று ஓர் ஆங்கிலேயர் எழுதிய புத்தகம். ஒரு வாரம் படித்தேன். புத்தகத்தில் பிழை ஒன்றுமில்லை. அது எந்த மண்ணுக்கு எழுதப்பட்டதோ அங்கே ஒவ்வொரு வரியும் சரி. அப்படியானால் நம்ம ஊருக்கு வந்ததும் ஏன் தப்பாகிறது? அதைத் தேடிப் போனதில் எனக்குக் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெர்மாகல்ச்சர் என்ற சொல் பிறந்த இடம் ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கும் டாஸ்மேனியா தீவு. பில் மாலிசன் அங்கே ஸ்டான்லி என்ற கடற்கரைச் சிற்றூரில் 1928ல் பிறந்தவர். மீன்பிடித்தவர், காட்டில் வேலை பார்த்தவர், பிறகு பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னவர். அவரும் டேவிட் ஹோம்கிரென் என்ற இளம் மாணவரும் ஹோபார்ட் நகரத்தில் பேசிப் பேசி உருவாக்கிய சிந்தனை 1978ல் 'பெர்மாகல்ச்சர் ஒன்' என்ற புத்தகமாக வந்தது. சாரம் எளிதானது. வருஷாவருஷம் உழுது விதைத்து அறுப்பதற்குப் பதிலாக, காடு எப்படித் தன்னைத்தானே நடத்திக்கொள்கிறதோ அந்த மாதிரி பல்லாண்டு நிற்கும் மரம், செடி, கொடிகளைச் சேர்த்து வைத்துச் சாப்பாட்டை எடுப்பது.

இங்கிலாந்தில் இதே யோசனைக்குத் தனியாக வந்து சேர்ந்தவர் ராபர்ட் ஹார்ட். ஷ்ராப்ஷயர் பகுதியில், வென்லாக் எட்ஜ் என்ற மலைவிளிம்பில், தாயோடும் கற்றல் குறைபாட்டோடு பிறந்த சகோதரரோடும் குடியேறியவர். அதிக வேலை வாங்காத ஒரு தோட்டம் அவருக்குத் தேவைப்பட்டது. அவர் போட்ட 'காட்டுத் தோட்டம்' 0.12 ஏக்கர், நம்ம கணக்கில் வெறும் 12 சென்ட். அதற்குள் ஏழு அடுக்கு: உயர்ந்த மரம், குட்டை மரம், புதர், செடி, தரையில் படர்வது, மண்ணுக்குள் கிழங்கு, எல்லாவற்றின் மேலும் ஏறும் கொடி. 2000த்தில் இறக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டார். இன்று உலகம் முழுக்க இருக்கும் காட்டுத் தோட்டங்களுக்கு அந்த 12 சென்ட்தான் முன்மாதிரி.

அந்த நாட்டுத் தோட்டக்காரனுக்கு என்ன கவலை? சூரியன் தெற்கே தாழ்வாகவே ஓடும். அதனால் தெற்கைத் திறந்துவிட வேண்டும். மண் குளிர்ந்து நீர் கோத்துக் கிடக்கும். அதனால் மேட்டுப் பாத்தி போட்டு நீரை வடித்து மண்ணைச் சூடாக்க வேண்டும். கல் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில் விடும், அதனால் கல்மேடை. ஈரத்தில் ஓடில்லாத நத்தைகள் கீரையை மொட்டையடிக்கும், அதனால் வாத்து. எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது.

இங்கேயோ? நாம் இருப்பது ஏறக்குறைய ஒன்பதரை டிகிரி வடக்கு. சித்திரை தொடங்கி ஆவணி முற்பாதி வரைக்கும் உச்சிவெயில் நமக்கு வடக்குப் பக்கமாகத்தான் நிற்கிறது. மரத்தின் நடுப்பகல் நிழல் தெற்கே விழும். அந்த மாதங்களில் தெற்கே நிற்கும் புளி தோட்டத்தை மறைக்கவே மறைக்காது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது மழைக் கணக்கு. ஹோபார்ட்டில் வருஷத்துக்குப் பெய்யும் மழை 600 மில்லிமீட்டரை ஒட்டி. ஷ்ராப்ஷயரில் சுமார் 700. நம்ம விருதுநகர் மாவட்டச் சராசரி 800ஐ ஒட்டி வரும். ஈர நாடு என்று பெயரெடுத்தவர்களைவிட நமக்குக் கொஞ்சம் கூடத்தான்! இன்னொன்றும் உண்டு. டாஸ்மேனியாவின் மேற்கு மலைகள் மழையை வாங்கிக்கொள்ள, ஹோபார்ட் அதன் மறைவில் இருக்கிறது. வேல்ஸ் மலைகளின் மறைவில் ஷ்ராப்ஷயர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். மூன்றுமே மழைமறைவு ஊர்கள்.

வித்தியாசம் வானத்திலிருந்து விழும் அளவில் இல்லை. அங்கே மழை பன்னிரண்டு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூறுகிறது. இங்கே ஏறக்குறைய பாதி மழை ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய மூன்று மாதத்துக்குள் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அதோடு, நம்ம வெயிலும் காற்றும் வருஷத்துக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் நீரை உறிஞ்சும் வல்லமை கொண்டவை. இங்கிலாந்தில் அது மூன்றில் ஒரு பங்குதான். பெய்வதைவிட இரண்டு மடங்கு போகிறது. ஆனி ஆடியில் மலையைத் தாண்டி இறங்கும் காற்று சாரலை அந்தப் பக்கமே விட்டுவிட்டு, இங்கே துணியைக் காயவைக்கத்தான் வரும். ஆகவே அவர்கள் வடிக்க வேண்டும். நாம் பிடித்து வைக்க வேண்டும். அவர்களுக்கு வெயில் செல்வம், நமக்கு நிழல் செல்வம்.

இந்தக் கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஹார்ட் தன் ஏழடுக்குத் தோட்டத்தைப் பற்றி எழுதும்போது, கேரளத்து வீட்டுத் தோட்டங்களை எடுத்துக்காட்டாக விரிவாகச் சொல்கிறார். தென்னை, பலா, கமுகு, அதில் ஏறும் மிளகு, கீழே வாழை, சேனை, இஞ்சி. அந்தக் கேரளம் எங்கே இருக்கிறது? செண்பகத்தோப்பில் நின்று மேற்கே பார்த்தால் தெரியும் மலைக்கு அந்தப் பக்கம்தான். நம்ம மலையின் மறுசரிவிலிருந்த ஒரு வழக்கத்தைப் பார்த்து இங்கிலாந்தில் ஒருவர் வியந்தார். குளிருக்குத் தக்க மாதிரி திருத்திக்கொண்டார். அந்தத் திருத்தம் புத்தகமாகிக் கடல் தாண்டி மலையின் இந்தச் சரிவுக்கு வந்து, தாத்தா வைத்த புளியை வெட்டச் சொல்கிறது.

சரி, இந்தச் சரிவில் நம்மவர்கள் என்ன செய்தார்கள்?

ஸ்ரீவில்லிபுத்தூரின் தலபுராணமே காட்டில்தான் ஆரம்பிக்கிறது. மல்லி என்ற அரசிக்கு வில்லி, கண்டன் என்று இரண்டு பிள்ளைகள். வேட்டைக்குப் போன கண்டனைப் புலி கொன்றுவிடுகிறது. தேடிப்போன வில்லி அசந்து தூங்க, கனவில் பெருமாள் சொன்னபடி காட்டைத் திருத்தி ஊரும் கோயிலும் எழுப்புகிறான். அந்தக் கோயிலில் ஆலிலை மேல் பள்ளிகொண்ட வடபத்ரசாயிக்குப் பூமாலை கட்ட விஷ்ணுசித்தர் ஒரு நந்தவனம் வைக்கிறார். அவர்தான் பெரியாழ்வார். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளை ஒட்டியவர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அந்த நந்தவனத்தின் துளசிச் செடியடியில் கிடைத்த குழந்தை ஆண்டாள். காட்டை அழித்து எழுந்த ஊர் தன் பெருமையாகச் சொல்லிக்கொள்வது ஒரு தோட்டத்தை.

ஆனால் நந்தவனம் என்பது தினசரி உழைப்பைக் கேட்கும் தோட்டம். கிணற்றில் இறைக்க வேண்டும், பாத்தி கட்ட வேண்டும், களை பறிக்க வேண்டும், விடியுமுன் பூப்பறிக்க வேண்டும். அது கோயிலுக்குச் சரி. குடியானவன் அப்படி இரண்டு ஏக்கரைப் பார்த்துக்கொள்ள முடியாது. அவன் மலையடியில் வைத்தது தோப்பு. அதற்குக் கீழே கண்மாய், அதற்குக் கீழே வயல். ஐப்பசியில் மலை ஓடைகள் கொண்டுவருவதைக் கண்மாய் பிடித்துக்கொள்ளும். நிறைந்தால் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். கோடையில் கண்மாய் வற்றியதும் வண்டி வண்டியாகக் கரம்பை அள்ளி நிலத்துக்கு அடிப்பார்கள். ஓடையில் இழந்த மண் அப்படித்தான் மேலே திரும்பி வந்தது. அறுப்பு முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போடுவார்கள். எல்லையில் கிளுவையும் கொடுக்காப்புளியும் உயிர்வேலி. இதற்கெல்லாம் யாரும் சார்ட் பேப்பரில் படம் போடவில்லை. ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழம் பேர் வாங்கியது இந்த மாதிரித் தோப்புகளில்தான்.

இதையெல்லாம் பொற்காலமாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. கமலை இறைத்தவனின் தோளைக் கேட்டால் வேறு கதை சொல்லும். கரம்பை சுமந்தவர்களுக்குச் சொந்தமாக நிலம் இருந்ததா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் நீரையும் நிழலையும் மண்ணையும் கையாண்ட கணக்கு இந்த வெயிலுக்குச் செய்த கணக்கு. அதை நம்ம காலத்தில் மீண்டும் சொன்னவர் நம்மாழ்வார். 1960களில் கோவில்பட்டி அரசு வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையில், நம்ம ஊர்களுக்குப் பக்கத்துக் கரிசலில், வேலை பார்த்து, மானாவாரி விவசாயிக்கு உதவாத ஆராய்ச்சி என்று உதறிவிட்டு வந்தவர். மண்ணை வெயிலில் அம்மணமாக விடாதே, மூடாக்குப் போடு என்பதை ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்.

தோப்புக்கு இன்னொரு பங்காளியும் உண்டு. பூனையளவு உடம்பும் அதைவிட நீண்ட வாலும் கொண்ட சாம்பல் நிற மலை அணில். அதற்காகவே 1988ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021ல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்து பின்னாளில் நாடறிந்த காட்டுயிர் அறிஞரான ஏ.ஜே.டி. ஜான்சிங், ஜஸ்டஸ் ஜோசுவாவோடு சேர்ந்து இந்த அணிலைப் பற்றிச் செய்த ஆய்வு 1994ல் வெளியானது. இந்த அணிலுக்கு வேண்டியது கிளையோடு கிளை தொட்டு நிற்கும் மரக்கூரை. கிளைவழியாகவே அது போகும், வரும், கூடு கட்டும். தரையில் இறங்கினால் நாயோ சிறுத்தையோ பிடித்துவிடும். மலையடிவாரத்து மாவும் புளியும் தென்னையும் அதற்குக் காட்டின் தொடர்ச்சிதான். பட்டா யார் பேரில் என்பது அதற்குத் தெரியாது. அது இளநீரைத் துளைத்துவிட்டுப் போனால் அவன் தாத்தா, "மலைக்காரன் பங்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு வாரம் கழித்து இதையெல்லாம் சொல்லலாம் என்று தோப்புக்குப் போனேன். மூன்று புளியில் நடுமரம் விழுந்து கிடந்தது. விறகு வியாபாரி முன்பணம் கொடுத்துவிட்டானாம். மற்ற இரண்டுக்கும் மறுநாள் வருவதாக இருந்தார்கள்.

"ஹார்ட் என்ன செஞ்சாருன்னு தெரியுமா மாப்ள? அவரு வெறும் நெலத்துல ஆரம்பிக்கல. ஏற்கெனவே நின்ன பழைய ஆப்பிள், பேரி மரங்களுக்கு நடுவுலதான் எல்லாத்தையும் வச்சாரு. ஒங்க புத்தகத்துக்கே மூலம் அதுதான்."

அவன் ஒன்றும் பேசவில்லை. வியாபாரிக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொன்னான். முன்பணத்தைத் திருப்பினான்.

மேட்டுப் பாத்தியை மட்டும் விடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஐப்பசி அடைமழையில் பாதி மேடு கரைந்து ஓடையில் போயிற்று. மீதி தையிலேயே பாளம் பாளமாக வெடித்தது. வாத்துகளைக் காட்டுப்பூனை கொண்டுபோய்விட்டது. கல்மேடையில் நட்ட மூலிகை பங்குனியில் கருகிவிட்டது. அடுத்த வருஷம் அவனே மண்வெட்டியை எடுத்து, மேட்டைப் பள்ளமாக்கினான். பள்ளப் பாத்தியில் கரம்பையைப் போட்டு, மேலே தென்னை ஓலையும் மாஞ்சருகும் முழங்கை கனத்துக்குப் பரப்பினான். மாமரத்து அரைநிழலில் சேனையும் மஞ்சளும் வைத்தான். அவை வந்தன. ஆங்கிலப் புத்தகத்தை இன்னும் வைத்திருக்கிறான். ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே படிக்கிறான்: இது நமக்கு ஆகும், இது ஆகாது, இதைத் தலைகீழாகச் செய்.

நடுப்புளி நின்ற இடத்தில் வானம் தெரிகிறது. அணில் மேற்குப் புளி வரைக்கும் வருகிறது, நுனிக்கிளையில் நின்று பார்க்கிறது, திரும்பிப் போகிறது. கிழக்கே இருக்கும் ஏழு மாமரங்களுக்கு அதன் வழி அதுதான். இவன் தேங்காய்நார்க் கயிறு ஒன்றைக் கட்டிப் பார்த்தான். அது அதில் ஏறவில்லை. அதே குழிக்குப் பக்கத்தில் ஒரு புளியங்கன்று நட்டிருக்கிறான்.

"கிளையோட கிளை தொட எத்தன வருஷம் மாமா ஆகும்?"

"இருபது, இருபத்தஞ்சு ஆகும்."

போன வாரம் போயிருந்தபோது கன்று இடுப்பளவு வந்திருந்தது. அதைச் சுற்றிக் கரம்பை போட்டு, ஆடு கடிக்காமல் இருக்கக் கொடுக்காப்புளி முள்ளை வெட்டி வளைத்து வைத்திருந்தான்.