நெருப்பில் குளிர்ந்த பெட்டி: ஓடும் வீடுகளின் மின்வரலாறு

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடை பிறந்ததும் நெடுஞ்சாலைகளில் வீடுகள் ஓடத் தொடங்கிவிடும். படுக்கை, சமையலறை, கழிப்பறை, தொலைக்காட்சி, குளிர்சாதனப்பெட்டி அனைத்தும் கொண்ட மோட்டார் வீடுகள் அவை. புலம்பெயர்ந்து வாழும் நம்மவர்களும் விடுமுறைக்கு இவற்றை வாடகைக்கு எடுக்கிறார்கள். மின்கம்பமே இல்லாத ஏரிக்கரையில் நிறுத்தினாலும் உள்ளே விளக்கு எரிகிறது, பிள்ளைகளுக்கான பால் கெடாமல் இருக்கிறது. இந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பற்றரியிலிருந்து என்றே பலரும் சொல்வார்கள். அது பாதிப் பதில்தான். அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த வாகனங்களை வீடாக வைத்திருந்தது பெட்டிக்குப் பின்னால் எரிந்த ஒரு சிறு நெருப்புச் சுடர்.

உல்லாசப் பயணத்துக்கென வீட்டையே இழுத்துச் செல்லும் வழக்கம் மோட்டார் வாகனத்துக்கு முந்தியது. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த மருத்துவரும் எழுத்தாளருமான கோர்டன் ஸ்டேபிள்ஸ் 1885 இல் 'வொன்டரர்' என்ற குதிரை வண்டி வீட்டில் பிரித்தானியாவைச் சுற்றிவந்தார். அதில் மின்சாரம் என்ற பேச்சே இல்லை. 1910 இல் அமெரிக்காவின் பியர்ஸ் அரோ நிறுவனம் காட்சிக்கு வைத்த பயண வாகனத்தில் படுக்கையாக விரியும் ஆசனமும் மடித்து வைக்கக்கூடிய கைகழுவும் தொட்டியும் இருந்தன. ஆனால் உணவைக் கெடாமல் வைத்திருக்க நம்பகமான வழி எதுவும் அக்காலத்தில் கிடையாது.

வாகனத்துக்குள் மின்சாரம் நிலையாகக் குடியேறியது 1912 ஆம் ஆண்டுக்குரிய கடிலாக் காருடன் எனலாம். கைப்பிடியைச் சுழற்றி இயந்திரத்தை இயக்கும் ஆபத்தான வேலையை ஒழிக்க சார்ள்ஸ் கெட்டரிங் மின் தொடக்கியை உருவாக்கினார். அதற்குப் பற்றரி வேண்டும். பற்றரியை ஏற்ற மின்பிறப்பாக்கி வேண்டும். இரண்டும் வந்தபின் விளக்கும் பின்னர் வானொலியும் தாமாக வந்து சேர்ந்தன. நீண்டகாலம் 6 வோல்ட்டாக இருந்த கார் மின்சாரம் 1950களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் 12 வோல்ட்டுக்கு மாறியது. வொக்ஸ்வாகன் வான்கள் 1967 அளவில்தான் மாறின.

சிறிய வோல்ட் அளவில் எவ்வளவு செய்யலாம் என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990களில் மின்சாரம் அடியோடு இல்லாதிருந்த வருடங்களில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தைக் கொண்டு செய்தி கேட்ட மக்கள் நாம். விளக்குக்கும் வானொலிக்கும் அது போதும். குளிர்சாதனப்பெட்டிக்குப் போதாது.

மோட்டார் வீட்டின் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருந்தது. மற்றச் சாதனங்களை வேண்டாதபோது அணைத்துவிடலாம். குளிர்சாதனப்பெட்டி இரவும் பகலும் இயங்கவேண்டியது. 12 வோல்ட்டில் 100 அம்பியர்-மணி கொண்ட ஈயப் பற்றரியில் இருப்பது ஏறத்தாழ 1,200 வற்று-மணி. பற்றரி பழுதாகாமல் இருக்க வேண்டுமானால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். வீடுகளில் இருந்த அமுக்கிவகைக் குளிர்சாதனப்பெட்டியோ ஆடலோட்ட மின்சாரத்தில் மட்டுமே இயங்கியது. ஆகவே தொடக்ககால வொக்ஸ்வாகன் முகாம் வான்களில் பயணிகள் பனிக்கட்டி வாங்கிப் பெட்டியில் நிரப்பிக்கொண்டே போனார்கள்.

இச்சிக்கலுக்கான விடை வேறொரு தேவைக்காக ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஸ்டொக்ஹோம் அரச தொழில்நுட்பக் கல்லூரியின் மாணவர்களான பல்ட்சார் வொன் பிளாட்டன், கார்ல் முந்தர்ஸ் ஆகிய இருவரும் 1922 இல் நெருப்பைக் கொண்டு குளிரூட்டும் பெட்டி ஒன்றை உருவாக்கினார்கள். 1925 இல் எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதனை உற்பத்தி செய்யத் தொடங்கியது. மூடிய குழாய்களுக்குள் அமோனியா, நீர், ஐதரசன் மூன்றும் இருக்கும். அடியில் சூடாக்கினால் அமோனியா ஆவியாகிப் பிரிந்து மேலேறும். மேலே குளிர்ந்து திரவமாகிக் கீழிறங்கும். ஐதரசன் நிறைந்த பகுதிக்கு வந்ததும் மீண்டும் ஆவியாகும். அப்படி ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். பின்னர் நீரில் கரைந்து பழைய இடத்துக்கே திரும்பிவிடும். சுழலும் பாகம் ஒன்றுமில்லை, சத்தமில்லை. வேண்டியது வெப்பம் மாத்திரமே.

அல்பேர்ட் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் இதே துறையில் இறங்கினார்கள். 1930 இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார்கள். ஆனால் அவர்களது பெட்டி சந்தைக்கு வரவேயில்லை. பேரறிஞர்கள் தோற்ற இடத்தில் இரண்டு மாணவர்கள் வென்றார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

வெப்பம் எதிலிருந்து வந்தாலென்ன என்பதே இந்தப் பெட்டியின் பலம். இதிலிருந்துதான் மூவழிக் குளிர்சாதனப்பெட்டி பிறந்தது. வாகனம் ஓடும்போது இயந்திரம் தரும் 12 வோல்ட் நேரோட்டம். முகாம் மைதானத்தில் கம்பி இணைப்பு கிடைத்தால் ஐரோப்பாவில் 230, அமெரிக்காவில் 120 வோல்ட் ஆடலோட்டம். இரண்டும் இல்லாத இடத்தில் எரிவாயுச் சுடர். அடுப்பும் சுடுநீரும் கணப்பும் அதே வாயுக் கொள்கலனிலிருந்தே நடந்தன. அயோவா மாநிலத்து வின்னபாகோ நிறுவனம் 1966 இல் மோட்டார் வீடுகளை உற்பத்தி செய்யத் தொடங்கிய பிறகு இவ்வாழ்க்கை நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது. குளிரூட்டி வேண்டியவர்கள் மின்பிறப்பாக்கியையும் பூட்டிக்கொண்டார்கள். இரவில் அது எழுப்பும் இரைச்சல் அயலவர்களின் சாபத்துக்கு உள்ளானது.

விளக்குகளுக்கென இரண்டாவது பற்றரியும் வந்தது. வீட்டுப் பற்றரி தீர்ந்தாலும் இயந்திரத்தைத் தொடக்கும் பற்றரி தீராதபடி இரண்டையும் பிரித்துவைக்கும் ஆளி ஒன்று நடுவில் நின்றது.

ஆனால் சுடரில் குளிரும் பெட்டிக்குத் தனிப் பிடிவாதங்கள் உண்டு. அதன் திரவங்கள் புவியீர்ப்பால் ஓடுபவை. வாகனம் சாய்ந்து நின்றால் ஓட்டம் தடைப்பட்டு, காலப்போக்கில் குழாய்கள் அடைபட்டுவிடும். ஆகவே பழைய பயணிகள் மேசன்மாரைப்போல் ரசமட்டம் வைத்துப் பார்த்து, சில்லுகளுக்கு அடியில் கட்டை கொடுத்தார்கள். மற்றது நெருப்பு. 2006 இல் அமெரிக்காவில் டொமெற்றிக் நிறுவனத்தின் 9 இலட்சத்துக்கும் அதிகமான பெட்டிகள் திருத்தத்துக்காகத் திருப்பி அழைக்கப்பட்டன. கொதிகுழாயில் வெடிப்பு ஏற்பட்டு, கசியும் வாயு தீப்பற்றக்கூடும் என்பதே காரணம். குடும்பம் உறங்கும் அறைக்கு ஓர் அடி தூரத்தில் சுடர் எரிகிறது என்பதைப் பலர் அப்போதுதான் எண்ணிப் பார்த்திருப்பார்கள். எரிபுகை வெளியேறாவிட்டால் காபனோரொக்சைட்டு மணமின்றியே கொல்லும். இன்றும் வாடகை வாகனம் எடுப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது தொலைக்காட்சியை அல்ல, வாயு எச்சரிக்கைக் கருவியை.

இதே பெட்டிக்கு வறிய நாடுகளில் வேறொரு வாழ்வும் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 1974 இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. இலங்கை 1978 இல் இணைந்தது. தடுப்பு மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைக்கவேண்டும். மின்சாரம் எட்டாத கிராமங்களில் மண்ணெண்ணெயிலும் எரிவாயுவிலும் இயங்கிய இப்பெட்டிகளே, உலகின் பல பாகங்களில் அந்தக் காவலைச் செய்தன. திரி புகைந்தால் வெப்பநிலை தவறும், மருந்து வீணாகும். செல்வந்தரின் ஏரிக்கரையில் ஒரு போத்தல் பால் பழுதாவதும் ஒரு கிராமத்துப் பிள்ளைகளின் தடுப்பு மருந்து பழுதாவதும் ஒரே இயந்திரத்தின் ஒரே குறையால் நிகழ்ந்தவை.

இப்போது அந்தச் சுடர் மெல்ல அணைந்து வருகிறது. 12 வோல்ட்டிலேயே இயங்கும் சிறிய அமுக்கிகள் வந்துவிட்டன. பழைய பெட்டியை மின்சாரத்தில் மட்டும் நடத்தினால் நாளொன்றுக்கு 240 அம்பியர்-மணி வரை விழுங்கும். புதியது அதில் ஐந்திலொரு பங்குடன் சமாளிக்கும். சாய்ந்து நின்றாலும் கவலையில்லை. கூரையில் சூரியத் தகடு, ஆசனத்தின் கீழ் இலிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரி. ஈயப் பற்றரியைப்போல் பாதியோடு நிறுத்தாமல் இதில் பெரும்பகுதியை எடுக்கலாம். இதன் வேதியியலை 1990களில் வெளியிட்ட ஆய்வுக் குழுவின் தலைவர் ஜோன் குட்இனவ், 2019 இல், தமது 97 ஆவது வயதில் நோபல் பரிசு பெற்றார். தடுப்பு மருந்து நிலையங்களிலும் மண்ணெண்ணெய்ப் பெட்டிகளின் இடத்துக்குச் சூரிய சக்திப் பெட்டிகள் வந்துகொண்டிருக்கின்றன. குளிர் நாடுகளில் மாரிகாலத்திலும் பயணம் செய்பவர்கள் மட்டும் இன்னும் வாயுக் கொள்கலனைக் கைவிடவில்லை. வெயில் வராத டிசம்பர் மாதத்தில் கணப்பை மூட்டச் சூரியத் தகட்டால் முடியாது.