சோகியும் கைத்தொலைபேசியும்

1957இல் திருகோணமலைத் துறைமுகத்தைவிட்டு ஆங்கிலேயர் கடற்படை வெளியேறியது. ஆனால் அவர்கள் இப்பிராந்தியத்திலிருந்து முன்பே கொண்டுபோன விளையாட்டொன்று இன்னும் நம்மோடிருக்கிறது.

வட இந்தியாவிலே அது பச்சீசி. பத்தேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் அக்பர் அதை ஆடியதாகச் சொல்வார்கள். நமது திண்ணைகளில் அதன் உறவு தாயம்; சிங்கள ஊர்களில், சித்திரைப் புத்தாண்டில், பஞ்ச. எல்லாவற்றிலும் சோகிதான் விதியை எழுதியது. 1896இல் இங்கிலாந்தில் சோகியை நீக்கி, பகடையை வைத்து, ‘லூடோ’ என்று காப்புரிமை பெற்றார்கள். அதனை நாமோ வெள்ளைக்காரன் விளையாட்டென்றே கடையில் வாங்கினோம்!

2016இல் நவி மும்பைக் கொம்பனியொன்று லூடோவைக் கைத்தொலைபேசிக்குள் கொண்டுவந்தது. 2020இன் ஊரடங்கில் அது வீடெங்கும் பரவியது. போர் சிதறடித்த நமது குடும்பங்களுக்கு இதுவும் ஒரு கொடையே. திருகோணமலையில் அம்மம்மா, ரொறன்ரோவில் பேரன்; பலகை ஒன்று.

ஆயினும், தாயத்தில் ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும். லூடோவிலோ ஆறு விழவேண்டும். அந்த வேறுபாடு பேரனுக்குத் தெரியுமா? சோகியை எறிந்தது நமது கை. இன்று எண்ணைத் தீர்மானிப்பது கண்ணுக்குத் தெரியாத கணக்கு. அடுத்த விடுமுறைக்குப் பேரன் வரும்போது, அம்மம்மாவின் சோகிகளை ஒருமுறை அவன் உள்ளங்கையில் வைத்துவிடுங்கள்.