போர்க்கப்பலில் இருந்து புதுக்கோட்டைக்கு

2000-ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஹிப், அமெரிக்கக் கடற்படையின் 'ஆஸ்கர் ஆஸ்டின்' போர்க்கப்பலுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார். தரவெல்லாம் இன்ஃபார்மிக்ஸ் என்ற தரவுத்தள சர்வரில் இருந்தது. சர்வர் படுத்தால் மென்பொருளும் கைவிரித்துவிடும். சர்வரே வேண்டாம், தரவு வட்டில் ஒரு சாதாரணக் கோப்பாக இருக்கட்டும் என்று அவர் யோசித்ததன் விளைவுதான் எஸ்க்யூலைட் (SQLite) என்ற தரவுத்தளம். முதல் பதிப்பு அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே வந்தது. 2001-இல் அதைப் பொதுச்சொத்தாக விட்டுவிட்டார். உரிமமோ கட்டணமோ இல்லாததால் ஃபயர்பாக்ஸ், ஐபோன், ஆண்ட்ராய்டு என்று எங்கும் அது குடியேறியது.

அப்படித்தான் புதுக்கோட்டைக்கும் வந்தது. அறந்தாங்கியில் ஒருவர் ஆண்ட்ராய்டு போனில் புது எண்ணைச் சேமித்தால், அது பொதுவாக 'காண்டாக்ட்ஸ்2.டிபி' என்ற எஸ்க்யூலைட் கோப்பில் ஏறுகிறது. அழைப்புச் செயலியும் வாட்ஸப்பும் அதே பெயரைக் காட்டினாலும், இரண்டும் அந்தக் கோப்பை நேரடியாகத் தொடுவதில்லை. 'காண்டாக்ட்ஸ் புரொவைடர்' என்ற ஒரே நிரல்தான் அதை வைத்துக்கொண்டு, அனுமதி பெற்ற செயலிகளுக்கு எடுத்துக் கொடுக்கிறது.

கடைக் கணினியில் அப்படி ஒரு காவலாள் இல்லை. புதுக்கோட்டை கீழராஜ வீதிக் கடை ஒன்றில் பில் போடும் நிரலும் சரக்கிருப்பு நிரலும் ஒரே கோப்பைத் திறக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எத்தனை நிரல் வேண்டுமானாலும் சேர்ந்து படிக்கலாம். எழுதுவதற்கு மட்டும், கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவது போல, ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் முறை. முறை தவறி வருபவருக்கு 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு' என்ற பிழைதான் கிடைக்கும். சில விநாடி காத்திருக்கும்படி 'பிஸி டைம்அவுட்' வைத்துவிட்டால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இருக்காது.

2010-இல் எஸ்க்யூலைட்டில் 'வால்' (WAL) என்ற எழுதும் முறை வந்தது. புதுப் பதிவுகள் முதலில் பக்கத்திலுள்ள தனிக் கோப்பில் சேர்ந்து, பிறகு மூலக்கோப்புக்குப் போகின்றன. அதனால் ஒருவர் எழுதும்போதும் மற்றவர்கள் தடையில்லாமல் படிக்கலாம். ஆனால் நிரல்கள் எல்லாம் ஒரே கணினியில் இருந்தாக வேண்டும். நெட்வொர்க் ஃபோல்டரில் கோப்பைப் போட்டு இரண்டு கணினிகளிலிருந்து எழுதினால் பூட்டு சரியாக வேலை செய்யாமல் தரவே சிதையக்கூடும். அங்கே தேவை சர்வர்தான். நகல் எடுப்பதிலும் கவனம் வேண்டும்: நிரல்கள் ஓடும்போது மூலக்கோப்பை மட்டும் நகலெடுத்தால், தனிக் கோப்பில் இருக்கும் கடைசிப் பில்கள் விடுபட்டுப்போகலாம். எஸ்க்யூலைட்டின் 'பேக்கப்' கட்டளையைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

கப்பலுக்காக எழுதியதை உலகத்துக்கே கொடுத்தார் ஹிப். இந்த ஒழுங்குகளைக் கற்றுக்கொண்டால் சின்னக் கடையின் கணக்கும் காசு செலவில்லாமல் பத்திரமாக இருக்கும். நம் ஊரில் மென்பொருள் எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு இதை முதல் பாடமாகவே சொல்லித்தர வேண்டும்.