நெல்லிக்குப் போன வழி

தகடூர் அதியமான் பெற்ற நெல்லிக்கனியைப் பற்றி வகுப்பில் பேசும்போதெல்லாம் கொடையைத்தான் பேசுகிறோம். ஏற்றத்தைப் பேசுவதில்லை. பெரிய மலையின் விடரில், ஏறுவதற்கு அரிய உச்சியில் கிடைத்த கனி அது என்கிறது புறநானூற்றின் 91ஆம் பாட்டு. அவனே ஏறினானா, ஆளை ஏவினானா என்று அந்தச் சொற்களை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த ஏற்றத்துக்கு இன்று நம்மிடம் இருக்கும் சாட்சி ஔவை என்கிற பெண். எங்கள் பக்கத்துப் பாறையேற்றத்தைப் பற்றி நானறிந்த மிகப் பழைய பதிவு ஒரு பெண்ணின் வாயிலிருந்து வந்தது.

அதன்பிறகு நெடுங்காலம், எங்கள் பாறைகளைப் பார்த்த கண்கள் வேறு.

கம்பைநல்லூரிலிருந்து வடமேற்கே போனால் இராயக்கோட்டை. இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 வரை எங்கள் தருமபுரியோடு இருந்தது. 1965க்கு முன் எல்லாமே சேலம். திப்புவிடமிருந்து 1791இல் கும்பெனிப் படை பிடித்த மலைக்கோட்டை அது. மறு ஆண்டு பாரமகால் முழுவதும் கும்பெனிக்குக் கைமாறியது. அதே 1792இல் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஓவியர்கள் இந்த வழியாக வந்து வரைந்தார்கள். பிடித்த மலையை லண்டனில் சுவரில் மாட்டிக்கொள்ள ஆள் இருந்தது.

பிறகு கேமரா வந்தது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட படை அதிகாரி லின்னேயஸ் டிரைப், இராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களையும் எடுத்த படங்கள் 1858இல் தனித் தொகுப்பாக வந்தன. வடக்கே சிப்பாய்களின் எழுச்சி அடங்காத நேரம். மெழுகு ஏற்றிய தாளில் நெகட்டிவ் எடுக்கும் முறை அவருடையது. ஒளி பதிய நேரம் பிடிக்கும். அதுவரை அசையாமல் நிற்பது பாறையும் சுவரும்தான். நடக்கிற ஆள் கலங்கிய புகையாகிவிடுவார், அல்லது பதியவே மாட்டார். மலையைப் படமெடுக்க முடிந்த அந்தக் கருவிக்கு மலையேறுவதைப் படமெடுக்க முடியவில்லை. அரசுக்கும் அது தேவைப்படவில்லை.

ஏறுகிற உடம்பு படத்துக்குள் வர, கேமரா சிறிதாக வேண்டியிருந்தது. அதைச் செய்தவர்களில் ஒரு பெண் இருந்தார். 1860இல் பிறந்த எலிசபெத் லே பிளாண்ட் ஆல்ப்ஸ் மலைகளில் ஏறினார், கேமராவையும் கொண்டு ஏறினார், பனிப் புகைப்படக் கலை பற்றி நூலும் எழுதினார். 1907இல் தொடங்கிய பெண்கள் ஆல்பைன் சங்கத்தின் முதல் தலைவர் அவர்தான். ஊர் எல்லை தாண்டியதும் பாவாடையைக் கழற்றிவிட்டு உள்ளே அணிந்திருந்த கால்சட்டையோடு ஏறுவார். ஊருக்குள் நுழையுமுன் மறுபடி பாவாடை. 1912இல் ஃபேனி புல்லக் வொர்க்மன் என்ற அமெரிக்கப் பெண், சியாச்சின் பனியாற்றுப் பகுதியில் ஏறத்தாழ 21,000 அடி உயரத்தில், பெண்களுக்கு வாக்குரிமை கேட்கும் பத்திரிகையை விரித்துப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டார். எனக்கு மிகவும் பிடித்த படம். அவருடைய மூட்டைகளைச் சுமந்து வந்தவர்களின் உரிமைகள் அந்தத் தாளில் இல்லை என்பதையும் சேர்த்தே பிடிக்கிறது.

பாவாடைக் கதையைப் படித்தபோது என் ஆயாவின் கொசுவம் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கம் சிறு பாறைக் குன்றைக் கரடு என்போம். ஆயா சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு வெறுங்காலோடு கரடேறுவார். ஆட்டுக்குத் தழை, அடுப்புக்கு விறகு, பருவத்தில் சீத்தாப்பழம். குதிகாலை ஊன்றாமல் முன்பாதத்தால் பாறையைக் கவ்வுவார்; வெடிப்பில் கையை விடுமுன் கொக்கியால் தட்டிப் பார்ப்பார், பாம்புக்காக. ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். தலையில் சும்மாடு, சும்மாட்டின்மேல் சுமை, ஒரு கை சுமையைப் பிடித்திருக்கும். மீதமிருக்கும் ஒரு கையும் இரண்டு பாதங்களும்தான் பாறைக்கு. மலையேற்றப் பயிற்சியில் மூன்று பிடிமானம் எப்போதும் வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். ஆயாவுக்கு எண்ணத் தெரியாது, கணக்கு மட்டும் சரியாக இருந்தது. அவரைப் பாறையேறி என்று யாரும் சொன்னதில்லை. அவருக்கு இருந்த ஒரே படம் முதியோர் உதவித்தொகைக்காக எடுத்தது. நீலத் திரைக்கு முன்னால், கண் இமைக்காமல், டிரைப்பின் பாறை போல.

சென்ற ஆண்டு ஒரு மாணவி தோழிகளோடு இராயக்கோட்டை ஏறினாள். எனக்கு அனுப்பிய படத்தில் முகம் இல்லை. முகம் தெரிந்தால் வாட்ஸ்அப்பில் சுற்றி அப்பாவிடம் போய்விடும், படிப்பு நின்றுவிடும் என்பதால் தோழியைக் கீழே நிறுத்தி முதுகுப்பக்கம் எடுக்கச் சொல்லியிருக்கிறாள். துப்பட்டா இடுப்பில் இறுகக் கட்டியிருக்கிறது. வலது கை ஒரு வெடிப்புக்குள் மணிக்கட்டு வரை போயிருக்கிறது, இடது காலின் விரல்கள் பாறையில் விரிந்திருக்கின்றன. செருப்பு படத்தின் கீழ் ஓரத்தில், ஜோடியாக.