வ, இ, ம - பெரியம்மாவின் காலண்டர் கணக்கு

போன மாசம் போடிக்குப் போயிருந்தப்ப, பெரியம்மாவோட டிரங்குப் பெட்டியை ஒழுங்கு பண்ற வேலை என் தலையில விழுந்தது. அடியில ஒரு கட்டு தினசரி காலண்டர் தாள், எல்லாம் 2007. பின்பக்கம் பென்சில்ல வரிசையா 6 வ, 8 இ, 10 ம, 12 வ... ராத்திரி ரெண்டு மணி, நாலு மணியைக்கூட விடலை.

"என்ன பெரியம்மா, தாயக்கட்டம் ஆடுனீங்களா?"ன்னேன். "ஒங்க பெரியப்பா கணக்குடா"ன்னாங்க. வலது, இடது, மல்லாக்க.

பெரியப்பா ஏலத்தோட்டத்துல வேலை பார்த்தவர். போடிமெட்டுல இருந்து 17 கொண்டை ஊசி வளைவு இறங்கினாத்தான் வீடு. ஒரு மழை நாள்ல ஜீப் கவிழ்ந்து தலையில அடி. ஆபரேஷன் பண்ணி உயிரைக் காப்பாத்திட்டாங்க. ஆனா நினைவு அரைகுறை, இடது பக்கம் விளங்கலை. மூணு வாரத்துல இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். கேட்டதுக்கு, "மூளையில அடிபட்டா அப்படித்தான் வரும், ஒண்ணும் செய்ய முடியாது"ன்னு பதில் வந்துச்சாம். (எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க.)

இந்தப் பதில் ரொம்பப் பழசுங்கிறது பின்னாடி படிச்சப்பதான் தெரிஞ்சது. 19-ம் நூற்றாண்டுல பாரிஸ்ல ஷார்கோன்னு பெரிய நரம்பியல் மருத்துவர் இருந்தார். மூளையோ தண்டுவடமோ கெட்டா தோல் தானா அழுகும், அது சாவுக்கு அறிகுறின்னு சொன்னவர். இத்தனைக்கும் அவருக்கு முன்னாடியே, 1850-கள்ல, பிரவுன்-செகார் விலங்குகள்ல சோதனை பண்ணி, அழுத்தமும் ஈரமும்தான் காரணம், அதைத் தடுத்தா புண் வராதுன்னு சொல்லியிருந்தார். 1859-ல ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலும், படுக்கைப் புண்ணுக்குப் பெரும்பாலும் நோய் காரணமில்லை, பராமரிப்புதான் காரணம்னு எழுதிட்டாங்க. ஆனா பெரிய டாக்டர் பேச்சுதானே எடுபடும்!

அந்தப் பேச்சை நடைமுறையில உடைச்சவர் லுட்விக் குட்மன். ஹிட்லருக்குத் தப்பி இங்கிலாந்து வந்த யூத மருத்துவர். 1944-ல ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்கள் அவர்கிட்ட வந்தாங்க. எல்லாரும் கைவிட்ட கேஸ். ராத்திரி பகல் பார்க்காம ரெண்டு மணிக்கு ஒருதரம் ஒவ்வொருத்தரையும் திருப்பிப் படுக்க வைக்கணும்னு சட்டம் போட்டார். நடக்குதான்னு ராத்திரியில அவரே வந்து பார்ப்பார். 'சாவோட அறிகுறி' பெருமளவு குறைஞ்சுது. அதே வார்டு ஆளுங்க 1948-ல வில்வித்தைப் போட்டி நடத்துனாங்க. இன்னைக்கு பாராலிம்பிக்ஸ் அதுல இருந்து வளர்ந்ததுதான்.

1962-ல டோரீன் நார்ட்டன்ங்கிற நர்ஸ், வயசான நோயாளிகளை ஆராய்ஞ்சு, யாருக்குப் புண் வரும்னு முன்கூட்டியே மார்க் போட ஒரு அளவுகோல் தந்தாங்க. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையுற திறன், மலஜலக் கட்டுப்பாடு, அஞ்சே விஷயம். எங்க பெரியப்பா அஞ்சுலயும் ஃபெயில் :-(

நம்ம ஊரும் சளைச்சதில்லை. இந்தியாவோட முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை 1949-ல வேலூர் சி.எம்.சி.யில ஜேக்கப் சாண்டி ஆரம்பிச்சார். அதே சி.எம்.சி.யில டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல வேன் விபத்துல இடுப்புக்குக் கீழே செயலிழந்தவங்க. சக்கர நாற்காலியில உட்கார்ந்தே அறுவை சிகிச்சை பண்ணி, 1966-ல அங்கேயே மறுவாழ்வு மையத்தையும் தொடங்கினாங்க.

போடிக்கு இந்த வரலாறு வந்த வழி வேற. பக்கத்துத் தெருவுல ரிட்டயர்டு நர்ஸ் ஒருத்தங்க. தலையில அடிபட்டவரைப் புரட்டிப் போட்டா மட்டும் போதாது, எப்படிப் படுக்க வைக்கிறோம்ங்கிறதும் வைத்தியம்தான்னு பெரியம்மாவுக்கு அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க.

தலைமாடு 30 டிகிரி உசரணும், கழுத்து கோணக்கூடாது. அப்பத்தான் மூளையில இருந்து ரத்தம் ஒழுங்கா வடிஞ்சு, உள்ளே அழுத்தம் ஏறாது. ஒருக்களிச்சுப் படுத்தா எச்சில் நுரையீரலுக்குப் போற ஆபத்து குறையும். விளங்காத கையைப் பிடிச்சு இழுத்தா தோள் நழுவிடும். கைக்கு அடியில தலையணை குடுக்கணும். முட்டிக்கு நடுவுல ஒண்ணு, முதுகுக்குப் பின்னாடி ஒண்ணு. குதிகால் அந்தரத்துல நிக்கணும். சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது.

தலையணைக்கா பஞ்சம்? இலவம் பஞ்சு ஊராச்சே! மெத்தைக் கடையில சொல்லி சின்னதும் பெருசுமா ஏழு தைச்சு வாங்கினாங்க. நான் அப்ப ஆறாங்கிளாஸ். ராத்திரி பத்து மணி ஷிஃப்டுக்குத் தலையணை எடுத்துக் குடுக்கிறது என் டியூட்டி.

இப்ப நல்ல ஃபோம் மெத்தை இருந்தா, ஆளைப் பொறுத்து ரெண்டு, மூணு, நாலு மணி நேரம்னு இடைவெளியை முடிவு பண்றாங்க. எங்க வீட்டுல அன்னைக்கு இருந்தது கயித்துக் கட்டிலும் பெரியம்மாவும்தான்.

புண் ஆற அஞ்சு மாசமாச்சு. பெரியப்பா அப்புறம் ஒன்பது வருஷம் இருந்தார். திண்ணையில உட்கார்ந்து ஏலக்காய் வாசத்தை வச்சே தரம் சொல்லுவார். மறுபடி புண் வரவே இல்லை.

நான் எழுதுற புரோகிராம் ராத்திரி ரெண்டு மணிக்குத் தானா ஓடும். நான் தூங்கிட்டிருப்பேன். பெரியம்மா தாள்ல ஒரு ரெண்டு மணிகூட விட்டுப்போகலை. "எப்படி முழிச்சீங்க?"ன்னு கேட்டேன்.

"மொத மூணு வாரம் ஆஸ்பத்திரியில நானும் தூங்கிட்டேன்டா. திருப்பணும்னு எனக்கு யாரும் சொல்லலையே"ன்னாங்க.

அதான் இந்தப் பதிவு. உங்க வீட்டுலயோ தெரிஞ்சவங்க வீட்டுலயோ யாராவது படுக்கையில இருந்தா, முதல் நாளே நர்ஸ்கிட்ட கேளுங்க: எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, தலையணை எங்கே?