தேடும் விதியை வகுப்பவர் யார்?



நீண்டதோர் உரையில் ஒரு சொல்லைத் தேடும் வேலையைக் கணினி ஏற்றுக்கொண்டபோது, புதியதொரு வினாவும் உடன் எழுந்தது. எதனை எதனோடு ஒன்றெனக் கொள்வது? அதைத் தீர்மானிப்பவர் கருவியைச் செய்தவரா, அதனைக் கையாள்பவரா?

விடை படிப்படியாகவே கிடைத்தது. 1968ஆம் ஆண்டில் அமெரிக்கரான கென் தொம்சன், கணித அறிஞர் ஸ்டீபன் கிளீனி வகுத்த குறியீட்டு முறையைத் தழுவி, தேடும் வழியொன்றை வெளியிட்டார். தனியொரு சொல்லை மட்டுமன்றி, இன்ன எழுத்தில் தொடங்கி இன்ன எழுத்தில் முடிவன என ஒரு சொல்லமைப்பையே தேடுவதற்கு அது வழிசெய்தது. ஆயினும், தேடும் கட்டளை செய்தவர் வகுத்தபடியே இயங்கிற்று.

1976இல் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் றிச்சட் ஸ்டால்மனும் தோழர்களும் ஈமாக்ஸ் என்னும் உரைதிருத்தியை உருவாக்கினர். டெக்கோ என்ற பழைய திருத்தியின் கட்டளைகளைக் கோத்து எழுதிய சிறு நிரல்களின் தொகுதியே அது. 1985இல் வெளிவந்த குனூ ஈமாக்ஸின் பெரும்பகுதி லிஸ்ப் மொழியில் அமைந்தது. கையாள்பவர் தாமே சில வரிகள் எழுதி, திருத்தி இயங்கிக்கொண்டிருக்கையிலேயே அதன் தேடற் போக்கை மாற்றலாம். ஆங்கிலத்தின் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகக் கொள்வதா, வேறாகக் கொள்வதா என்பதும் அவர் விருப்பமாயிற்று.

இவ்வுரிமை அற்பமானதன்று. 2016இல் வந்த 25ஆம் பதிப்பு, மேற்குறியிட்ட எழுத்தையும் குறியற்ற எழுத்தையும் ஒன்றெனக் கொண்டு தேடும் வசதியைத் தந்தது. மேற்குறிகளைத் தட்டெழுதச் சிரமப்படுபவருக்கு அது பேருதவி. ஆனால் ஸ்பானிய மொழியிலோ, 'ன' ஒலிக்குரிய எழுத்தின் தலையில் ஒரு சுழி ஏறினால் அது 'ஞ' ஒலியுடைய தனியெழுத்து. 'பெனா' என்றால் துயரம். 'பெஞா' என்றால் பாறை. இவ்விரண்டையும் ஒன்றாக்குவது, நமது லகரத்தையும் ளகரத்தையும் ஒன்றாக்குவது போன்றதே.

அவ்வசதி தானாகவே இயங்கும்படி அமைக்கப்படவில்லை. வேண்டுபவர் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதி அதனை இயக்கிக்கொள்ளலாம். 2020இல் வந்த 27ஆம் பதிப்பிலோ, எவ்வெழுத்துக்களை இணைப்பது, எவற்றை விலக்குவது என்பதையும் அவரவரே குறிக்க வழியுண்டாயிற்று.

எழுத்துக்களுக்கிடையே உள்ள வேற்றுமை எதுவென அறிந்தவர் அம்மொழியை வழங்குபவரே. தேடும் விதியை அவர் கையில் ஒப்படைத்த கருவி, அவருடைய மொழியையும் மதித்ததாகும்.