திரையில் கருமை: ஒரு சிறு வரலாறு

செல்பேசி வாங்கச் செல்கிறவர் இன்று ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது: எல்சிடி திரை போதுமா, அமோலெட் திரை வேண்டுமா? முன்னது மலிவு, பின்னது உயர்வு என்பது பொதுவான எண்ணம். விளம்பரங்கள் 'ஆழ்ந்த கருமை' என்றும் 'துல்லியமான வண்ணம்' என்றும் பேசுகின்றன. நாளிதழையும் சிறுகதையையும் பழம்பாடலின் உரையையும் இந்தக் கண்ணாடித் துண்டின்மேல் வாசிக்கப் பழகிவிட்ட நமக்கு இது வெறும் வணிகக் கேள்வியன்று. பனையோலையிலிருந்து தாளுக்கு மாறியபோது எழுத்தும் வாசிப்பும் மாறின. தாளிலிருந்து திரைக்கு மாறியிருக்கும் இக்காலத்தில், அந்தத் திரை எதனால் ஆனது என்று அறிந்துகொள்வது வாசகர்க்கும் உரிய கடமைதான். இரு திரைகளின் வரலாற்றையும் சுருக்கமாகப் பார்த்துவிட்டு, வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதா என்ற வினாவுக்கு வருவோம்.

1888ஆம் ஆண்டு. பிராகா நகரில் பணியாற்றிய ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஃபிரீட்ரிக் ரைனிட்ஸர், கொலஸ்ட்ரால் சார்ந்த பொருளொன்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். எந்தத் தூய பொருளும் ஒரே வெப்பநிலையில் உருகும் என்பதே அன்றைய அறிவு. இப்பொருளோ 145.5 பாகையில் உருகிக் கலங்கலான நீர்மமாயிற்று, 178.5 பாகையில் அக்கலங்கல் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா? விடை தெரியாத ரைனிட்ஸர், ஜெர்மானிய இயற்பியலாளர் ஓட்டோ லேமானுக்குக் கடிதம் எழுதிப் பொருளையும் அனுப்பிவைத்தார். நுண்ணோக்கியில் ஆராய்ந்த லேமான், கலங்கலான அந்நிலையில் பொருள் நீர்போல் ஓடுகிறது, ஆனால் படிகம்போல் ஒளியைக் கையாள்கிறது என்று கண்டார். 1889இல் அதற்கு 'ஓடும் படிகம்' என்ற பெயரும் கிடைத்தது. இன்று நாம் திரவப் படிகம் என்கிறோம். எல்சிடி என்ற மூன்றெழுத்தின் முதலிரண்டும் அதையே குறிக்கின்றன.

அடுத்த எழுபது ஆண்டுகளுக்கு இது அறிஞர் சிலரின் ஆய்வுப்பொருளாக மட்டுமே இருந்தது. 1960களில் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தில் ரிச்சர்ட் வில்லியம்ஸும், அவரைத் தொடர்ந்து ஜார்ஜ் ஹைல்மயரும் மின்புலத்தால் திரவப் படிகத்தின் தோற்றத்தை மாற்றலாம் என்று காட்டினர். 1968இல் அந்நிறுவனம் செய்தியாளர்களைக் கூட்டித் தன் திரவப் படிகத் திரையை அறிவித்தது. சுவரில் படம்போல் மாட்டும் தொலைக்காட்சி வரப்போகிறது என்ற கனவும் உடன் எழுந்தது. ஆனால் ஆர்சிஏயின் செல்வமெல்லாம் கனத்த கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சியிலிருந்து வந்தது. புதிய திரைக்கு அங்கே பெரிய ஆதரவு இருக்கவில்லை. 1970இல் ஹைல்மயர் வெளியேறினார். அதே நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய வோல்ஃப்காங் ஹெல்ஃபிரிச் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குச் சென்று, மார்ட்டின் ஷாட்டுடன் சேர்ந்து அதே 1970இல் முறுக்கிய அமைப்பு கொண்ட திரவப் படிகக் கலத்தைக் கண்டார். பின்வந்த திரவப் படிகத் திரைகள் பலவற்றுக்கு அடிப்படை அதுவே.

அதன் செயல்முறை எளியது. ஒளியலைகளுள் ஒரு திசையில் அதிர்வனவற்றை மட்டும் விடும் வடிதகடுகள் இரண்டைக் குறுக்காக வைத்தால் ஒளி மறுபுறம் வாராது. இடையில் திரவப் படிகத்தை முறுக்கி நிறுத்தினால், அது ஒளியின் அதிர்வுத் திசையையும் திருப்பிவிடுகிறது; ஒளி வெளியேறுகிறது. மின்னழுத்தம் தந்தால் முறுக்கு அவிழ்கிறது, ஒளி தடைபடுகிறது. ஆக, திரவப் படிகம் தானாக ஒளிர்வதில்லை. அது ஒரு மதகு. பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மதகு திறந்தால் வெளிச்சம், மூடினால் இருட்டு. கடைகளில் 'எல்இடி தொலைக்காட்சி' என்று விற்கப்படுபவற்றுள் மிகப் பலவும் இத்தகைய எல்சிடி திரைகளே. பின்விளக்கு மட்டுமே எல்இடி.

மதகு கிடைத்தது, அதில் ஓடும் நல்ல நீர்மம் வேண்டுமே? அறை வெப்பத்தில் கெடாமல் நிற்கும் திரவப் படிகத்தை 1973இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரேயும் குழுவினரும் உருவாக்கினர். கைக்கடிகாரங்களும் கணிப்பான்களும் இத்திரைகளை ஏற்றன. ஆனால் எண்களைக் காட்டுவது வேறு, இலட்சக்கணக்கான புள்ளிகளால் ஒரு பக்கத்தைக் காட்டுவது வேறு. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு டிரான்சிஸ்டரைக் காவலாக வைக்கும் முறையை வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பீட்டர் பிராடி 1970களின் தொடக்கத்தில் செய்துகாட்டினார். அங்கும் பணி கைவிடப்பட்டது. 1979இல் அவர் விலகினார். அதே ஆண்டில் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தார் மலிவான சிலிக்கன் படலத்தில் அந்த டிரான்சிஸ்டரைச் செய்ய வழிகண்டனர். 1988இல் ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் 14 அங்குல வண்ணத் திரையைக் காட்டியபோது, ஆர்சிஏ கண்ட கனவு வேறொரு நாட்டில் நனவாகியிருந்தது.

இந்த வரலாற்றில் பெங்களூருக்கும் ஓரிடம் உண்டு. சர் சி.வி. ராமனின் மருமகன் முறையினரான எஸ். சந்திரசேகர், ராமன் ஆய்வுக் கழகத்தில் தம் குழுவினருடன் 1977இல் தட்டு வடிவ மூலக்கூறுகளாலான புதுவகைத் திரவப் படிகத்தைக் கண்டறிந்தார். அதுவரை அறியப்பட்டவை கோல் வடிவின. சோற்றுத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் நிற்கும் இவ்வகைப் படிகம், பின்னாளில் ஜப்பானியப் படச்சுருள் நிறுவனமான ஃபூஜி தயாரித்த மெல்லிய தாளில் பயன்பட்டது. எல்சிடி திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும் குறையைக் குறைத்தது அத்தாள்.

இனி மற்றத் திரைக்கு வருவோம். 1987இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகிய இருவரும் கரிமச் சேர்மங்களின் மிக மெல்லிய இரு படலங்களை அடுக்கி, பத்து வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் ஒளிரச் செய்து கட்டுரை வெளியிட்டனர். ஓஎல்இடி என்னும் கரிம ஒளியுமிழியின் நடைமுறைத் தொடக்கம் அதுதான். இங்கே மதகு இல்லை, பின்விளக்கும் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் ஓர் அகல்விளக்கு. கருமை வேண்டுமென்றால் விளக்கை அணைத்துவிட்டால் போதும். 1997இல் பயோனியர் நிறுவனத்தின் கார் ஒலிப்பெட்டியில் இது முதலில் விற்பனைக்கு வந்தது. ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு டிரான்சிஸ்டர் அமைப்பைப் பொருத்தினால் அது அமோலெட். கோடாக்கோ படச்சுருளால் வாழ்ந்த நிறுவனம். 2009இல் தன் கரிம ஒளியுமிழித் தொழிலை எல்ஜி குழுமத்துக்கு விற்றது. 2012இல் திவால் மனு அளித்தது. கண்டவர்கள் ஒரு நாட்டிலும் ஆக்கியவர்கள் வேறு நாட்டிலுமாக அமைந்த கதை இரண்டாம் முறையும் நடந்தது.

இரு திரைகளின் வேறுபாடு இப்போது தெளிவு. எல்சிடியில் கருமை என்பது அடைக்கப்பட்ட ஒளி. ஓஎல்இடியில் கருமை என்பது இல்லாத ஒளி. எந்த மதகும் முழுதாக அடைப்பதில்லை. சிறு கசிவு இருக்கும். அதனால்தான் இருட்டறையில் எல்சிடியின் கறுப்பு சாம்பல் பூத்துத் தெரிகிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் எப்போதும் இருட்டறையில் வாசிப்பதில்லை. பகல் வெளிச்சத்தில் திரையின் மேற்கண்ணாடி நம் முகத்தையும் வானத்தையும் பிரதிபலிக்கிறது. அந்தப் பிரதிபலிப்பு, எல்சிடியின் கசிவைவிடப் பன்மடங்கு பெரியது. முற்றத்தில் அமர்ந்து வாசிப்பவர்க்கு இரண்டு கருமைகளும் ஏறக்குறைய ஒன்றே. விளம்பரம் பேசும் அந்த ஆழ்ந்த கருமை விளக்கணைத்த பின்னரே உயிர்பெறுகிறது.

எழுத்துக்கு வருவோம். இதற்கு 2010ஆம் ஆண்டு நல்ல சான்று. அவ்வாண்டின் நடுவில் இரு செல்பேசிகள் வெளிவந்தன. ஆப்பிளின் ஐபோன் 4 எல்சிடி திரை கொண்டது, 3.5 அங்குலத்தில் 960க்கு 640 புள்ளிகள், அதாவது அங்குலத்துக்கு 326. சாம்சங்கின் கேலக்ஸி எஸ் அமோலெட் திரை கொண்டது. 4 அங்குலத்தில் 800க்கு 480 புள்ளிகள், அங்குலத்துக்கு ஏறக்குறைய 233. மேலும் ஒரு நுட்பம் உண்டு. எல்சிடியின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப்புள்ளிகள் இருந்தன. அன்றைய அமோலெட்டில் புள்ளிக்கு இரண்டே துணைப்புள்ளிகள். சிவப்பும் நீலமும் பச்சையின் அண்டையில் மாறி மாறி அமர்ந்தன. பெருக்கிப் பார்த்தால் முன்னதில் சுமார் 18 இலட்சம் துணைப்புள்ளிகள். பின்னதில் 8 இலட்சத்துக்கும் குறைவு. படம் பார்த்தவர்கள் சாம்சங்கின் வண்ணத்தில் மயங்கினர். எழுத்தை வாசித்தவர்கள் அதன் விளிம்புகளில் பிசிறைக் கண்டனர்.

தமிழ் எழுத்துக்கு இது இன்னும் முக்கியம். 'கி'யையும் 'கீ'யையும் பிரிப்பது ஒரு சிறு சுழி. 'ன'வையும் 'ண'வையும் பிரிப்பதும் ஒரு சுழிதான். மெய்யெழுத்தை மெய்யாக்குவது தலைமேல் ஒரு புள்ளி. 2 மில்லிமீட்டர் உயர எழுத்து ஒன்றுக்கு, 2007இல் வந்த முதல் ஐபோனின் திரையில் 13 புள்ளிகளே கிடைக்கும். பதின்மூன்று வரிசைக்குள் 'ணை'யின் சுழிகளை எழுதினால் அவை மைத்துளிபோல் அடைபடும். 326 அடர்த்தியில் 26 வரிசைகள் கிடைக்கின்றன. சுழி சுழியாகவே தெரிகிறது. இயல்பான பார்வை உள்ள கண், 30 சென்டிமீட்டர் தொலைவில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 290 புள்ளிகள் வரைதான் தனித்தனியே பிரித்தறியும். கூரிய பார்வையுள்ளோர்க்குச் சற்றுக் கூடுதலாகும். அந்த எல்லையைத் திரை கடந்த நாளே வாசிப்பின் பெருமாற்றம் நிகழ்ந்த நாள். அதை முதலில் பரவலாக்கியது எல்சிடி. பின்னர் அமோலெட்டும் அடர்த்தியில் உயர்ந்தது. 2017இல் ஆப்பிளே 458 அடர்த்தி கொண்ட ஓஎல்இடி திரைக்கு மாறியது. துணைப்புள்ளிக் குறையும் அதற்குள் கண்ணுக்கு எட்டாத அளவுக்குச் சிறுத்துவிட்டது. எனவே எழுத்தின் தெளிவைத் தீர்மானித்தது அடர்த்தி. தொழில்நுட்பத்தின் பெயருக்கு அதில் பங்கு குறைவு.

அப்படியானால் வேறுபாடே இல்லையா? இருக்கிறது. மூன்று இடங்களில் அதைக் காணலாம்.

முதலாவது, மூப்பு. கரிமப் பொருள் எரிய எரியத் தேய்கிறது. மூன்று நிறங்களுள் நீலம் விரைவில் தேயும். ஒரே இடத்தில் நெடுங்காலம் நிற்கும் கடிகாரமும் குறிகளும் அழியாத நிழலைத் திரையில் பதித்துவிடக்கூடும். எல்சிடிக்கு இந்தத் துன்பம் மிகக் குறைவு.

இரண்டாவது, சிமிட்டல். பல ஓஎல்இடி திரைகள் வெளிச்சத்தைக் குறைக்க, வினாடிக்குச் சில நூறு முறை அணைந்து எரிகின்றன. பெரும்பாலோர்க்கு இது தெரிவதில்லை. சிலர்க்குக் கண்வலியும் தலைவலியும் தருகிறது. இரவில் வெளிச்சத்தைக் குறைத்து வாசிக்கும்போதுதான் அணைந்திருக்கும் நேரம் நீள்கிறது என்பதால், கருமையால் பெற்ற நன்மையை இது ஓரளவு திருப்பி வாங்கிக்கொள்ளவும் கூடும்.

மூன்றாவது, மின்செலவு. கறுப்புப் பின்னணியில் வெள்ளெழுத்து வைத்தால் ஓஎல்இடியில் மின்கலம் நெடுநேரம் வரும் என்பர். உண்மைதான். ஆனால் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2021இல் அளந்தபோது, வீட்டுக்குள் வழக்கமாக வைக்கும் 30 முதல் 50 விழுக்காட்டு வெளிச்சத்தில் சேமிப்பு 3 முதல் 9 விழுக்காடுதான். முழு வெளிச்சத்தில் அது 39 முதல் 47 விழுக்காடு வரை உயர்ந்தது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பெழுத்தை வாசிப்பவர்க்கு இந்த ஆதாயமும் இல்லை.

ஆக, விளக்கணைத்த அறையில் திரைப்படம் பார்ப்பவர்க்கு ஓஎல்இடியின் கருமை கொடுத்த பணத்துக்குத் தகும். பகலில் படிப்பவர்க்கும், ஒரே கருவியை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவர்க்கும், கண் கூசுகிறவர்க்கும் நல்ல எல்சிடி குறைந்ததன்று. ஆனால் மலிவு விலையில் ஒரு கண்ணி இருக்கிறது. 6.5 அங்குலத் திரையில் 1600க்கு 720 புள்ளிகள் என்றால் அடர்த்தி ஏறக்குறைய 270தான். 2400க்கு 1080 என்றால் 405. பெட்டியின்மேல் தொழில்நுட்பத்தின் பெயர் பெரிதாகவும் இந்த எண்கள் சிறிதாகவும் அச்சிடப்பட்டிருக்கும். வாசகர் சிறியதைத் தேடிப் படிக்க வேண்டும். அதற்கும் பொறுமையில்லாதவர் கடையிலேயே ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, எழுத்தைச் சிறிதாக்கி, 'கீ'யின் சுழியும் 'ண'வின் மூன்றாம் சுழியும் தனியே தெரிகின்றனவா என்று பார்க்கலாம். தெரிந்தால் அந்தத் திரை நமக்குப் போதும்.